கிதாரோடு வந்தவர்

1966ஆம் வருடம். ஹாலிவுட்டில் ஓர் ஒலிப்பதிவுக் கூடம். பீட்டர் டார்க் தன் கிதாரைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். பதிவாகவிருந்தது அவருடைய குழுவின் பாடல். நால்வர் குழுவில் அவரும் ஒருவர். ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. ஆனால் உள்ளே ஏற்கெனவே ஆட்கள் வாத்தியங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். கிதாருக்கு ஆள் இருந்தது. டிரம்ஸுக்கு ஆள் இருந்தது. உங்களுக்கு இங்கே வேலை இல்லை, இது உங்கள் சம்பந்தப்பட்டதே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கூசிக் குறுகிப் போனதாக டார்க் பின்னாளில் பேட்டிகளில் சொன்னார். அரை நூற்றாண்டு கழிந்த பிறகும் அந்தக் காயம் அவர் பேச்சில் ஆறாமல் இருந்தது.

குழுவின் பெயர் மங்கீஸ். அடுத்த ஒன்றரை வருடத்தில் அமெரிக்காவின் பதின்ம வயதுப் பெண்கள் அந்தப் பெயரைச் சொல்லித் தொண்டை வறளக் கத்தப் போகிறார்கள் என்று அன்று யாருக்கும் தெரியாது. அந்தப் பாடல்களில் பெரும்பாலானவற்றைக் குழுவின் உறுப்பினர்கள் வாசிக்கவே இல்லை என்று பத்திரிகைகள் கூப்பாடு போடப் போவதும் தெரியாது.

விஷயம் ஒரு விளம்பரத்தில் தொடங்கியது. பாப் ரஃபெல்சன், பெர்ட் ஷ்னைடர் என்று இரண்டு இளம் தயாரிப்பாளர்கள். பீட்டில்ஸின் ‘எ ஹார்ட் டேஸ் நைட்’ படம் 1964இல் வந்து சக்கைப் போடு போட்டிருந்தது. அதே துள்ளலோடு வாராவாரம் ஒரு தொலைக்காட்சித் தொடர் எடுத்தால் என்ன என்று அவர்களுக்கு யோசனை. கொலம்பியா நிறுவனத்தின் தொலைக்காட்சிப் பிரிவு பணம் போட முன்வந்தது. 1965 செப்டம்பரில் சினிமா வட்டாரப் பத்திரிகைகளில், கிறுக்குத்தனம் கொண்ட நான்கு பையன்கள் தேவை என்று விளம்பரம் செய்தார்கள். நானூறுக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். கவனிக்க வேண்டியது, அது ஒரு இசைக் குழுவுக்கான விளம்பரம் இல்லை. இசைக் குழுவாக நடிப்பதற்கான விளம்பரம். பிற்பாடு வெடித்த சண்டை அத்தனைக்கும் வித்து இந்த ஒரு வித்தியாசத்தில்தான் இருந்தது.

தேர்வான நால்வரும் நான்கு திசை. டேவி ஜோன்ஸ் மான்செஸ்டரில் பிறந்த ஆங்கிலேயர், குள்ளமாக, லட்சணமாக இருப்பார். குதிரைப் பந்தய ஜாக்கியாகப் பயிற்சி பெற்றவர். ‘ஆலிவர்’ இசை நாடகத்தில் ஜேப்படிச் சிறுவனாக நடித்து நியூயார்க் வரை வந்தவர். 1964 பிப்ரவரி 9 அன்று எட் சலிவன் நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் முதன்முதலாக அமெரிக்காவுக்குத் தரிசனம் தந்தார்களே, அதே இரவு, அதே மேடையில் அந்த நாடகத்தின் ஒரு காட்சியை நடித்துவிட்டுப் போனது இவர்தான். மைக்கி டோலென்ஸ் லாஸ் ஏஞ்சலீஸ் பையன். பத்துப் பதினோரு வயதில் ‘சர்க்கஸ் பாய்’ தொடரின் கதாநாயகன். நடிப்பு தெரியும், குரல் உண்டு, டிரம்ஸ் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் கற்றுக்கொண்டார்.

மைக் நெஸ்மித் டெக்ஸஸ்காரர். தேர்வுக்குக் கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு வந்தார்; அந்தக் குல்லாயே அடையாளமாகிவிட்டது. தட்டச்சுப் பிழைகளை மறைக்கும் வெள்ளைத் திரவம் இருக்கிறதே, ‘லிக்விட் பேப்பர்’, அதைக் கண்டுபிடித்தவர் அவருடைய அம்மா. கணவரைப் பிரிந்து, செயலாளராக வேலை பார்த்து மகனை வளர்த்தவர். தன் தட்டச்சுப் பிழைகளை முதலாளி கண்ணில் படாமல் மறைக்கச் சமையலறையில் கலந்து பார்த்த சரக்கு அது. சிறுவன் மைக் நண்பர்களோடு உட்கார்ந்து அதைச் சீசாக்களில் நிரப்பிக் கொடுத்திருக்கிறார். 1979இல் ஜில்லெட் நிறுவனம் அதை 4 கோடியே 75 லட்சம் டாலருக்கு வாங்கியது. ஆனால் தேர்வுக்கு வந்தபோது நெஸ்மித் வசதியானவர் இல்லை. மனைவி, குழந்தை, கை நிறையச் சொந்தப் பாடல்கள், இவ்வளவுதான் சொத்து.

நாலாவது ஆள் பீட்டர் டார்க். முழுப் பெயர் பீட்டர் தார்கெல்சன். பொருளாதாரப் பேராசிரியரின் மகன். கிதார், பாஸ் கிதார், பாஞ்சோ, பியானோ, பிரெஞ்ச் ஹார்ன் என்று எதை எடுத்தாலும் வாசிப்பார். நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் காபிக் கடைகளில் நாட்டுப்புறப் பாடல்கள் பாடி, துண்டேந்தாத குறையாகக் காசு வாங்கிக்கொண்டிருந்தார். பிறகு கலிபோர்னியா வந்து ஓர் இசை கிளப்பில் பாத்திரம் கழுவினார். அங்கேதான் நண்பர் ஸ்டீபன் ஸ்டில்ஸின் அழைப்பு வந்தது. ஸ்டில்ஸ் அந்தத் தேர்வுக்குப் போய்க் கிடைக்காமல் திரும்பியவர். பல்லும் தலைமுடியும் கேமராவுக்கு எடுபடவில்லை என்று கழித்துவிட்டதாக ஒரு கதை. பாடல் உரிமையை விட்டுக்கொடுக்க மனம் வராததால் ஒதுங்கினேன் என்று அவரே சொன்னது இன்னொரு கதை. எதுவானாலும், என்னைப் போலவே இருப்பான் ஒருத்தன், அவனைப் பாருங்கள் என்று கைகாட்டிவிட்டது அவர்தான்.

நால்வரில் அதிக வாத்தியம் கற்றவருக்குத் தொடரில் கிடைத்த பாத்திரம் மந்தபுத்திக்காரர். வாயைப் பிளந்துகொண்டு, பாதி புரிந்தும் புரியாமலும் விழிப்பவர். தெருவில் பார்ப்பவர்கள் நிஜத்திலும் அவர் அப்படித்தான் என்று நம்பினார்கள்.

இசைக்குப் பொறுப்பு டான் கிர்ஷ்னர். நியூயார்க்கில் பாடலாசிரியர்களை வைத்துத் தொழிற்சாலை மாதிரி பாடல் உற்பத்தி செய்தவர். தங்கக் காது படைத்தவர் என்று ‘டைம்’ பத்திரிகை எழுதியது. எந்தப் பாட்டு ஓடும் என்பதை அந்தக் காது சொல்லிவிடும், பெரும்பாலும் சரியாகவே சொன்னது. நடிகர்கள் நாள் முழுவதும் படப்பிடிப்பில் இருக்கிறார்கள், பாடல்களோ வாரத்துக்கு இரண்டு தேவை. எனவே கைதேர்ந்த கூலி வாத்தியக்காரர்களை வைத்து இசையைப் பதிவு செய்வது, இரவில் நடிகர்களை வரவழைத்துக் குரலை மட்டும் சேர்ப்பது என்று அவர் ஏற்பாடு. வியாபாரமாகப் பார்த்தால் குறை சொல்ல எதுவுமில்லை. நெஸ்மித் அடம்பிடித்ததால் ஆல்பத்துக்கு ஒன்றிரண்டு பாடல்களை அவரே தயாரித்துக்கொள்ளச் சலுகை கிடைத்தது. அந்தப் பதிவுகளில் மட்டும் அவர் டார்க்கைக் கூப்பிட்டு ஓரமாக ஒரு கிதாரை வாசிக்கச் சொன்னார். டார்க்குக்கு அவ்வளவுதான் பங்கு.

முதல் பாடல் ‘லாஸ்ட் டிரெய்ன் டு கிளார்க்ஸ்வில்’ 1966 ஆகஸ்டில் வந்தது. டாமி பாய்ஸ், பாபி ஹார்ட் இரட்டையர் எழுதியது. கேட்டால் காதலியிடம் விடைபெறும் குதூகலமான ரயில் பாட்டு. வியட்நாம் போருக்குப் புறப்படும் சிப்பாயை மனத்தில் வைத்து எழுதினோம், வெளியே சொல்லிக்கொள்ளவில்லை என்று ஹார்ட் பின்னால் சொன்னார். செப்டம்பர் 12 அன்று என்பிசியில் தொடர் தொடங்கியது. நவம்பரில் பாடல் முதலிடம் பிடித்தது. முதல் ஆல்பம் 13 வாரம் முதலிடத்தில் நின்றது. நீல் டைமண்ட் எழுதிய ‘ஐ’ம் எ பிலீவர்’ 1966 கடைசியில் முதலிடத்துக்கு வந்து ஏழு வாரம் அசையவில்லை. அடுத்த வருடம் தொடருக்குச் சிறந்த நகைச்சுவைத் தொடர் என்று எம்மி விருதும் கிடைத்தது.

இதற்கிடையே இன்னொன்று நடந்தது. 1966 டிசம்பர் தொடக்கத்தில் ஹோனலூலுவில் நால்வரும் நிஜமாகவே மேடை ஏறினார்கள். டோலென்ஸ் டிரம்ஸ் அடித்தார், சில மாதப் பயிற்சியில். டார்க் பாஸ் வாசித்தார். கூச்சலில் எதுவும் காதில் விழவில்லை என்றாலும் வாசித்தது அவர்களேதான். தட்டில் வாசிக்காத குழு மேடையில் வாசித்தது. உலகம் நினைத்துக்கொண்டிருந்ததற்கு நேர்மாறு.

1967 ஜனவரியில் இரண்டாவது ஆல்பம் ‘மோர் ஆஃப் தி மங்கீஸ்’ கடைக்கு வந்தது. அப்படி ஒன்று வரப் போவதே குழுவினருக்குத் தெரியாது. சுற்றுப்பயணத்தின் நடுவே கடையில் வாங்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். அட்டையில் இருந்தது ஜே.சி. பென்னி ஜவுளிக் கடை விளம்பரத்துக்காக அவர்கள் போஸ் கொடுத்த படம். பின்னட்டையில் கிர்ஷ்னர் தன் பாடலாசிரியர்களை வாயாரப் புகழ்ந்திருந்தார். குழுவைப் பற்றி இருந்தது கொசுறு. அந்தத் தட்டு 18 வாரம் முதலிடத்தில் இருந்தது என்பது நெஸ்மித்தின் கோபத்தை ஆற்றவில்லை, கிளறிவிட்டது. அதே மாதம் ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ நிருபரிடம் அவர் எல்லாவற்றையும் போட்டு உடைத்தார். எங்கள் தட்டுகளை நாங்கள் வாசிக்கவில்லை, உலகத்துக்குச் சொல்லுங்கள் என்றார்.

உலகம் சொல்லிக்கொண்டது. நால்வரையும் போலிகள் என்றது. உண்மையைச் சொன்னவர்களுக்கே அடி விழுந்தது. நம் சினிமாவில் கதாநாயகர்கள் உதடசைக்க, முகம் தெரியாத யாரோ பாடுவதை ரசித்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஆத்திரம் கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றலாம். அன்றைய அமெரிக்காவில் ராக் இசை வெறும் கேளிக்கையாக இருந்த நிலை மாறிக்கொண்டிருந்தது. இளைஞர்கள் அதைத் தங்கள் வேதமாக்கிக்கொண்டிருந்த நேரம். வேதத்தை வாடகைக்கு ஆள் வைத்து ஓதுவதா? ஆனால் ஓதியவர்களின் பட்டியலைப் புரட்டினால் வேடிக்கைதான். பேர்ட்ஸ் குழுவை முதலிடத்துக்குத் தூக்கிய ‘மிஸ்டர் டாம்பரின் மேன்’ பதிவில் குழுவிலிருந்து வாத்தியம் வாசித்தவர் ரோஜர் மெக்வின் ஒருவரே. மற்றவை கூலி வாத்தியக்காரர்கள். விமர்சகர்கள் கும்பிடும் பீச் பாய்ஸின் ‘பெட் சவுண்ட்ஸ்’ ஆல்பத்தில் பெரும்பாலான வாத்தியங்களை வாசித்ததும் அதே லாஸ் ஏஞ்சலீஸ் கூலிக் கூட்டம்தான். அவர்களை யாரும் போலி என்று சொல்லவில்லை. அவர்கள் விளம்பரம் கொடுத்துச் சேர்ந்தவர்கள் இல்லையே.

அந்த ஜனவரியிலேயே பெவர்லி ஹில்ஸ் ஹோட்டலின் பங்களா ஒன்றில் ஒரு சந்திப்பு நடந்தது. கிர்ஷ்னர் நால்வருக்கும் பெரும் தொகைக்கான காசோலைகளோடு வந்திருந்தார். வாங்கிக்கொண்டு வாயை மூடுவார்கள் என்று எதிர்பார்த்திருக்கலாம். நெஸ்மித், எங்கள் இசையை நாங்கள் வாசிக்க வேண்டும், இல்லாவிட்டால் விலகுகிறேன் என்றார். ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள் என்று நிறுவன வழக்கறிஞர் நினைவூட்டினார். நெஸ்மித்தின் முஷ்டி சுவரில் இறங்கியது. சுவரில் ஓட்டை. இது உங்கள் முகமாக இருந்திருக்கும் என்று வழக்கறிஞரிடம் சொன்னாராம். பிற்காலத்தில் இந்தச் சம்பவத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொன்னார்கள். ஓட்டை மட்டும் எல்லார் கதையிலும் இருக்கிறது.

அடுத்த மாதமே கிர்ஷ்னர் தானாகக் குழிக்குள் விழுந்தார். தயாரிப்பாளர்களின் சம்மதமில்லாமல் கனடாவில் ஒரு தட்டை வெளியிட்டார். அதைக் காரணம் காட்டி வெளியே அனுப்பினார்கள். அவர் சும்மா இருக்கவில்லை. பேசாத, முஷ்டியை ஓங்காத ஒரு குழுவைத் தேடிக் கார்ட்டூன் பொம்மைகளிடம் போய்ச் சேர்ந்தார். ‘ஆர்ச்சீஸ்’ என்ற கார்ட்டூன் குழுவின் பெயரில் அவர் வெளியிட்ட ‘சுகர் சுகர்’ 1969இல் அமெரிக்காவின் மிகப் பெரிய வெற்றிப் பாடல். தங்கக் காது பொய்க்கவில்லை.

கிர்ஷ்னர் போனதும் நால்வரும் ஹாலிவுட்டின் ஆர்சிஏ ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் புகுந்தார்கள். டர்ட்டில்ஸ் குழுவிலிருந்த சிப் டக்ளஸைத் தயாரிப்பாளராகக் கூட்டிக்கொண்டார்கள். அவருக்கும் அதுவரை தட்டு தயாரித்துப் பழக்கமில்லை. 1967 பிப்ரவரி, மார்ச் மாதங்கள். டோலென்ஸால் தாளத்தை நேராகப் பிடிக்க முடியவில்லை. ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்து, நன்றாக வந்த துண்டுகளை வெட்டி ஒட்டினார்கள். கூலிக்காரர்கள் மூன்று மணி நேரத்தில் முடிப்பதை இவர்கள் நாள்கணக்கில் இழுத்தார்கள். ஜோன்ஸ் டாம்பரினைக் குலுக்கிக்கொண்டு நின்றார். டார்க் பியானோவுக்கும் பாஞ்சோவுக்கும் கிதாருக்கும் மாறி மாறி ஓடினார். நண்பர் ஒருவரோடு சேர்ந்து எழுதிய ‘ஃபார் பீட்ஸ் சேக்’ பாடலையும் கொண்டுவந்தார். இரண்டாம் வருடத் தொடர் முடியும்போது ஒலித்தது அதுதான். அவர் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான வாரங்கள் இருந்ததாகத் தெரியவில்லை. விளம்பரத்தைப் பார்த்து நடிக்க வந்த இடத்தில், நிஜமாகவே ஒரு குழு அமைந்துவிட்டது.

‘ஹெட்குவார்ட்டர்ஸ்’ என்று அந்த ஆல்பத்துக்குப் பெயர் வைத்தார்கள். இன்று கேட்டால் அங்கங்கே தாளம் தள்ளாடுகிறது. சுருதி சரியாக நிற்காத இடங்களும் உண்டு. ஆனால் முந்தைய இரண்டு தட்டுகளிலும் இல்லாத ஒன்று அதில் இருக்கிறது. நான்கு பேர் ஒரே அறையில் இருப்பது காதில் விழுகிறது. கடைசிப் பாட்டு டோலென்ஸ் எழுதியது. லண்டனில் கேட்ட ஒரு கொச்சை வசவைத் தலைப்பாக வைத்துவிட்டார். பிரிட்டிஷ் நிறுவனம் பதறிப்போய் மாற்றுத் தலைப்பு கொடுங்கள் என்றது. சரி என்று ‘மாற்றுத் தலைப்பு’ என்றே பெயர் கொடுத்தார். அந்தப் பெயரில் அது பிரிட்டனில் இரண்டாம் இடம் வரை போனது.

ஜூன் 24 அன்று ஆல்பம் அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது. ஒரே வாரம். அடுத்த வாரம் பீட்டில்ஸின் ‘சார்ஜன்ட் பெப்பர்’ அதைக் கீழே தள்ளியது. பிறகு பதினோரு வாரம் இரண்டாம் இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கோடையில் ‘சார்ஜன்ட் பெப்பரு’க்கு அடுத்து நிற்பதைத் தோல்வி என்று யாரும் சொல்ல முடியாது.

அந்த ஜூலையில்தான் பாப் சரித்திரத்தின் விநோதமான ஜோடி அமைந்தது. மங்கீஸ் கச்சேரிகளுக்கு முன்னால் வாசிக்க ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் ஒப்பந்தமானார். டோலென்ஸும் டார்க்கும் அவருடைய வாசிப்பில் மயங்கிப்போயிருந்தவர்கள். ஆனால் அம்மாக்களோடு வந்திருந்த பன்னிரண்டு வயதுப் பெண்கள் ஹெண்ட்ரிக்ஸின் கிதார் அலறலுக்கு நடுவே டேவி, டேவி என்று கத்தினார்கள். சில கச்சேரிகளோடு ஹெண்ட்ரிக்ஸ் கழன்றுகொண்டார். அதே சுற்றுப்பயணத்தில் மேடைத் திரையில் ஓடிய படத்துணுக்குகளில் வியட்நாம் போருக்கு எதிரான செய்தி ஒளிந்திருப்பதாக யாரோ எஃப்பிஐக்குத் தகவல் கொடுத்தார்கள். குழந்தைகள் நிகழ்ச்சிக் குழுவுக்கு உளவுத் துறையில் கோப்பு திறக்கப்பட்டது. 2022இல் டோலென்ஸ் அந்தக் கோப்பு முழுவதையும் கேட்டு அமெரிக்க நீதித் துறை மீது வழக்குப் போட்டார்.

வெற்றியின் உச்சத்தில் டார்க்கின் கனவு கலைந்தது. கிர்ஷ்னரிடமிருந்து விடுதலை கிடைத்ததும் ஆளுக்கொரு திசை பார்த்தார்கள். ஒரே தாளத்தை ஐம்பது முறை அடிக்க டோலென்ஸுக்குப் பொறுமை இல்லை. ஜோன்ஸுக்கு டாம்பரின் அலுத்துவிட்டது. வாசிக்கும் உரிமைதான் நெஸ்மித்துக்குக் கௌரவப் பிரச்சினை. அது கிடைத்த பிறகு, வேண்டிய வாத்தியக்காரர்களை வைத்துத் தன் பாட்டைத் தன் விருப்பப்படி பதிவு செய்துகொள்வதே போதுமென்று தோன்றியது. நாலாவது ஆல்பத்திலேயே டிரம்ஸுக்கு வெளியாள் வந்தார். அதில் மூக் சிந்தசைசர் ஒலிக்கிறது, அந்தக் கருவியைப் பயன்படுத்திய முதல் பாப் ஆல்பங்களில் ஒன்று. டோலென்ஸ் ஆசையாக வாங்கி வைத்திருந்தது. ஆல்பம் நன்றாகவே இருந்தது, அதுவும் முதலிடம் போனது. ஆனால் குழு இல்லை. நால்வரும் சேர்ந்து வாசிக்க வேண்டும் என்பது டார்க் ஒருவருக்கு மட்டுமே லட்சியமாக இருந்திருக்கிறது என்பது அவருக்குத் தாமதமாகப் புரிந்தது.

அந்த 1967 கடைசியில் வந்த ‘டேட்ரீம் பிலீவர்’ முதலிடம் பிடித்தது. பாடியவர் ஜோன்ஸ், எழுதியவர் ஜான் ஸ்டூவர்ட். தொடக்கத்தில் பியானோ துள்ளிக்கொண்டு வருமே, அதை அமைத்தவரும் வாசித்தவரும் டார்க். பாட்டைக் கேட்ட கோடிக்கணக்கானோரில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. 58 அத்தியாயங்களோடு 1968 மார்ச்சில் தொடர் நின்றது. ரஃபெல்சன் அவர்களை வைத்து ‘ஹெட்’ என்று ஒரு படம் எடுத்தார். அவரோடு சேர்ந்து எழுதியவர் அப்போது பெரிதாக அறியப்படாத ஜாக் நிக்கல்சன். நால்வரின் பிம்பத்தையும் தொடரையும் தொலைக்காட்சியையும் கிழித்துத் தோரணம் கட்டிய படம் அது. பாலத்திலிருந்து குதித்துத் தப்பிக்கிறார்கள். கடைசியில் நால்வரும் ஒரு கண்ணாடித் தொட்டிக்குள், தண்ணீருக்குள் அடைபட்டிருக்க, லாரி இழுத்துக்கொண்டு போகிறது. சிறுமிகளுக்குப் புரியவில்லை, புரியக்கூடியவர்கள் மங்கீஸ் படத்துக்குப் போவதைக் கௌரவக் குறைவாக நினைத்தார்கள். படம் படுத்துவிட்டது. மங்கீஸ் சம்பாதித்துக் கொடுத்த பணத்தில் அதே தயாரிப்பாளர்கள் அடுத்து ‘ஈஸி ரைடர்’ எடுத்தார்கள். ஹாலிவுட்டின் போக்கையே மாற்றிய அந்தப் படத்தின் புகழில் மங்கீஸுக்குப் பங்கு கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

1968 கடைசியில் டார்க் ஒப்பந்தத்திலிருந்து பணம் கொடுத்துத் தன்னை விடுவித்துக்கொண்டார். முதலில் போனவர் அவர்தான், குழு வேண்டும் என்று அதிகம் ஆசைப்பட்டவர். நெஸ்மித் 1970இல் விலகினார். மிஞ்சிய இருவரும் அதே வருடம் ஒரு தட்டு போட்டு மூடிவிட்டார்கள்.

எழுபதுகள் டார்க்குக்குச் சுகமாக இல்லை. சொந்தக் குழு எடுபடவில்லை, கையிலிருந்த பணம் கரைந்தது. கலிபோர்னியாவில் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தார். நெஸ்மித்தின் பாதை வேறு. கன்ட்ரி இசையையும் ராக்கையும் கலந்து அவர் போட்ட தட்டுகளுக்கு மதிப்புத் தாமதமாக வந்தது. பாட்டுக்குப் படம் எடுத்துத் தொலைக்காட்சியில் போடும் யோசனையை 1980இல் ஒரு நிகழ்ச்சியாகச் செய்து காட்டினார். எம்டிவிக்கு முன்னோடி என்று சொல்கிறார்கள். வீடியோவுக்குத் தரப்பட்ட முதல் கிராமியும் அவருக்குத்தான். 1977இல் ஒரு நிருபரிடம், 1967இல் பீட்டில்ஸும் ரோலிங் ஸ்டோன்ஸும் சேர்ந்து விற்றதைவிட நாங்கள் அதிகம் விற்றோம் என்று சும்மா அளந்துவிட்டார். அது இன்றும் புத்தகங்களில் உலவுகிறது. புளுகுதான் என்று 2017இல் வெளியான தன் நினைவுக் குறிப்பில் எழுதினார். யாரும் திருத்திக்கொண்டதாகத் தெரியவில்லை.

1986 பிப்ரவரியில் எம்டிவி பழைய தொடரை ஒரே மூச்சில் ஒளிபரப்பியது. பத்து வயதுப் பிள்ளைகள் மறுபடி கத்தத் தொடங்கினார்கள். பழைய ஆல்பங்கள் வரிசையாகப் பட்டியலுக்குள் திரும்பி வந்தன. டார்க், டோலென்ஸ், ஜோன்ஸ் மூவரும் மேடை ஏறினார்கள். நெஸ்மித் எப்போதாவது தலைகாட்டினார். 1996இல் நால்வரும் ஒன்றுகூடி ‘ஜஸ்டஸ்’ என்ற ஆல்பம் போட்டார்கள். எழுதியதும் வாசித்ததும் பாடியதும் நால்வரே, வெளியாள் ஒருவர்கூட இல்லை. விற்கவில்லை. பாடல்களும் சுமார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் முப்பது வருடத்துக்கு முன் கிதாரோடு வந்து திருப்பியனுப்பப்பட்டவருக்கு அந்தத் தட்டு எப்படி ஒலித்திருக்கும்?

2012 பிப்ரவரி 29 அன்று ஜோன்ஸ் மாரடைப்பில் இறந்தார், வயது 66. மற்ற மூவரும் 2016இல் ‘குட் டைம்ஸ்’ ஆல்பத்தில் சேர்ந்தார்கள், ஐம்பதாம் ஆண்டு. அப்போது விமர்சகர்கள் பாராட்டினார்கள். போலி என்ற சொல் ஒரு வழியாகத் தேய்ந்து போயிருந்தது. டார்க்குக்கு 2009இலேயே அரிய வகைப் புற்றுநோய் கண்டிருந்தது. குணமாகி, ப்ளூஸ் வாசிக்கும் சின்னக் குழு ஒன்றோடு சுற்றினார். 2019 பிப்ரவரி 21 அன்று கனெக்டிகட்டில் காலமானார். 77 வயது.

நெஸ்மித்தும் டோலென்ஸும் 2021இல் விடைபெறும் பயணம் கிளம்பினார்கள். நெஸ்மித் மிகவும் தளர்ந்திருந்தார். கடைசிக் கச்சேரி நவம்பர் 14, லாஸ் ஏஞ்சலீஸின் கிரீக் தியேட்டரில். 26 நாள் கழித்து அவரும் போய்விட்டார். ராக் அண்ட் ரோல் புகழ்க்கூடத்தில் அப்போதும் அவர்கள் பெயர் ஏறியிருக்கவில்லை.

மிஞ்சிய டோலென்ஸ் தனியாகவே மேடை ஏறினார். ‘டேட்ரீம் பிலீவர்’ இல்லாமல் கூட்டம் விடாது. தொடக்கப் பியானோவுக்கு வெளியாள் ஒருவர் அமர்ந்திருப்பார். அவர் விரல்கள் டார்க் 1967இல் போட்ட அதே ஸ்வரங்களை, அதே வரிசையில் வாசிக்கும். நாலாவது ஸ்வரத்துக்குள் அரங்கம் எழுந்து நின்றுவிடும்.